மூன்றாம் தூணில் சவரிமுத்து

முதல் ஸ்லீப்பர் கட்டையில் இரண்டு கையும் ஊன்றியாயிற்று. இனி முழங்காலைத் தூக்கிக் கரையிலிருந்து பாலத்துக்குக் கொண்டுவர வேண்டியது ஒன்றுதான் பாக்கி, அதுவோ கரையிலேயே வேர் விட்டுவிட்டது. வைரக்கண்ணு தன் முழங்காலை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்ட நினைத்தார், வாய் ஒழியவில்லை, வாயில் டீ. குடிக்கிற டீ இல்லை, பார்சல் டீ; கடைக்காரி கலியம்மா பாலித்தீன் பையில் ஊற்றி நூல் சுற்றிக் கட்டிக் கொடுத்தது. அந்த நூலை முன்பற்கள் நாலும் கவ்விக்கொண்டிருந்தன, எழுபத்துநாலு வயசில் மிச்சமிருக்கிற சொந்தப் பற்களே அந்த நாலுதான், பை தாடைக்குக் கீழே தொங்கி ஆடி ஆடி மாரைச் சுட்டது. ஐந்து கரண்டி சீனி போட்டிருக்கிறாள். "ஆறாவதும் போடவா மாமா?" என்று வேறு கேட்டாள். தூணுக்குத் தூண் அறுபதடி, மூன்றாவது தூணின் ஓரத்தில், அந்தக் காலத்தில் ரயில் வந்தால் ஆள் ஒதுங்கி நிற்பதற்காகக் கட்டிய கட்டில் அகல மேடை, அதன் மேல் ஒரு வெள்ளைச் சட்டை. கொஞ்சம் முன்பு அந்தச் சட்டை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, இப்போது சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. மேடையைச் சுற்றியிருந்த கம்பியை இரும்புத் திருடர்கள் என்றைக்கோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இன்னும் ஒரு சாண் சாய்ந்தால் சட்டை நாற்பதடி கீழே ஆற்று மணலில் கிடக்கும். சட்டைக்குள் இருப்பவன் சவரிமுத்து. அக்கரை ஓலைப்பாடிக்காரன், ஐம்பது வருஷச் சிநேகிதன். பத்தரை மணிக்குப் போன் செய்தான். "வைரம்... மூணாவது தூண்ல உக்காந்துட்டேன்டா. காலையில ஊசி போட்டுக்கிட்டு சாப்பிடாம கிளம்பிட்டேன். சுகர் இறங்கிருச்சு. கண்ணு இருட்டுது. இனிப்பா ஏதாச்சும்..." என்றான், அப்புறம் போனில் காற்றுச் சத்தம்தான் கேட்டது. எடுத்துக்கிட்டு வா என்று சொல்லவில்லை. அதைத்தான் வைரக்கண்ணுவின் மனசு திருப்பித் திருப்பிப் புரட்டிப் பார்த்தது. இனிப்பா ஏதாச்சும் என்றான், வா என்று சொல்லவில்லை. யாரிடமாவது கொடுத்து அனுப்பு என்று சொல்ல வந்திருப்பான். நீ வா என்று அவன் சொல்லவே மாட்டான், அவனுக்குத் தெரியும், உலகத்திலேயே அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும், வைரக்கண்ணு பிறந்த நாள் முதல் இந்த நிமிஷம் வரை இந்தப் பாலத்தை ஒரு தரம்கூட நடந்து தாண்டியதில்லை என்பது.

முழங்கால் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது, கேட்டால் திரும்பிப் போய்விடும். இரண்டு, மூன்று. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு முழம் வெறும் ஆகாயம், ஆகாயத்துக்கு அடியில் மணல், மணலில் ஒரு வெள்ளாடு, அது தலையை நிமிர்த்திப் பார்க்கிறது, அதைப் பார்க்கக் கூடாது. கட்டையைப் பார். கட்டையில் வெயிலுக்குத் தார் எண்ணெய் கசிந்து மணக்கிறது, பதினாலு வருஷமாக ஒரு சக்கரம் மேலே உருளாத கட்டை, இன்னும் ரயில் வாசனை போகவில்லை. தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கட்டைகளில் பாதியை ஊர்க்காரர்கள் வாசல் நிலைக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் கொண்டுபோய்விட்டார்கள், இரண்டு பக்கமும் நீளமாகக் கிடக்கிற இரும்பு கர்டரை மட்டும் தூக்க ஆளில்லாமல் விட்டிருக்கிறார்கள். நாலு. ஒரு காலத்தில் நாளைக்கு நாலு வண்டி போயிற்று. அப்புறம் இரண்டாயிற்று. அப்புறம் காலையில் ஒன்று போய் அதுவே சாயங்காலம் திரும்பிற்று, அப்புறம் அதற்கும் ஆறு பெட்டி மூன்றாகி மூன்று ஒன்றாகி, கடைசியில் ஒற்றைப் பெட்டி, அதில் கார்டும் ஓர் ஆட்டுக்குட்டியும் வந்து இறங்கிய நாள்கூட உண்டு. பிறகு ஸ்டேஷன் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள், இந்தத் தடத்தில் ரயில் போக்குவரத்து தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது. தற்காலிகமாக. வைரக்கண்ணு ஓய்வு பெற்ற அதே வருஷம். மழையில் தாள் கரைந்து போயிற்று, சுவர் விழுந்து போயிற்று, தற்காலிகம் மட்டும் போகவில்லை. ஐந்தா, ஆறா? எண்ணிக்கை விட்டுப்போயிற்று. எண்ணிக்கை விட்டால் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, தெரிய வேண்டுமென்றால் நிமிர வேண்டும், நிமிரக் கூடாது. ஐந்து என்று வைத்துக்கொள். குறைத்து வைத்தால் நல்லது, கடைசியில் லாபமாக இருக்கும்.

கர்டர் தோசைக்கல் மாதிரி காய்ந்திருந்தது. கை தவறி அதில் பட்டதும் உள்ளங்கை இழுத்துக்கொண்டது, இழுத்த வேகத்தில் உடம்பு இடது பக்கம் சரிந்தது, சரிந்து, நின்றது. டீப்பை ஒரு பெரிய ஊசல் போட்டு வந்து கழுத்தில் அறைந்தது. ஐயோ என்று கத்தினால் டீ போய்விடும். கத்தாமல் பயப்படுவது என்பது ஒரு தனி வேலை, அது வைரக்கண்ணுவுக்குப் பழகிய வேலை. முப்பத்தெட்டு வருஷச் சர்வீஸும் அதுதானே. இருபத்திரண்டு வயசில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேனாகச் சேர்ந்த முதல் நாள், மேஸ்திரி பாலத்து மேலே கூட்டிக்கொண்டு போனார், பத்துக் கட்டை தாண்டியதும் வைரக்கண்ணு கீழே பார்த்துவிட்டார், ஆற்றில் நிறையத் தண்ணீர், தண்ணீர் நின்றுவிட்டது, பாலம் ஓட ஆரம்பித்தது. பாலம் அவரையும் தூக்கிக்கொண்டு மேற்கே மலையைப் பார்க்க ஓடியது. உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதே கேங்கில் இருந்த சவரிதான் ஏதோ பித்தம் என்று சொல்லித் தோளில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தான். அன்றைக்கு ஆரம்பித்தது அந்தப் பித்தம். பாலத்தில் வேலை என்றால் அரை மைல் தள்ளிச் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு ஒருத்தன் நிற்க வேண்டும், அந்தக் கொடிக்கு வைரக்கண்ணு பறந்தடித்துக்கொண்டு முந்துவார். மேஸ்திரி சோம்பேறி என்றார். சோம்பேறி என்ற பேர் எவ்வளவு சுகமான பேர். மழைக்காலத்தில்தான் வம்பு. ராத்திரி ரோந்துக்கு இக்கரையில் அவர், அக்கரையில் சவரி. ஆளுக்கு ஒரு ரோந்துப் புத்தகம். அவர் தன் பங்குக்குப் பாலத்தையும் நடந்து தாண்டி, அக்கரை முனையில் சவரியைப் பார்த்து, தன் புத்தகத்தை அவனிடம் கொடுத்து அவன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். கையில் அடுத்தவன் புத்தகம் இருந்தால்தான் நடந்தான் என்று அத்தாட்சி. பத்தொன்பது மழைக்காலம் அந்தப் புத்தகம் தவறாமல் மாறிற்று. தாண்டி வந்தவன் மட்டும் சவரி. தன் நடையும் நடந்து இவர் நடையும் நடந்து வந்து கேட் கொட்டகைக் கதவைத் தட்டுவான். "மச்சான், கடுதாசி" என்பான், தபால்காரன் மாதிரி.

இப்போதும் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரயில் நின்ற பிறகு, "தற்காலிகம்னுதானடா போட்டிருக்கான், நாம ஏன் நிறுத்தணும்?" என்றான் சவரி. பள்ளிக்கூட நோட்டு இரண்டு வாங்கினார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் அவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாலத்தில் நடந்து வருவான், கட்டை இல்லாத இடத்தில் கொக்கு மாதிரி கால் எடுத்து வைப்பான், வந்து கலியம்மா கடையில் நோட்டை மாற்றிக்கொண்டு பாதை சரி என்று தேதி போட்டு எழுதுவான். மருமகள் ஸ்டெல்லா வீட்டில் சீனி டப்பாவைப் பூட்டி வைத்திருக்கிறாள், அதனால் இங்கே வந்து மூன்று கரண்டி போட்டுக் குடித்துவிட்டுப் போவான். பாதை சரி. கையொப்பம். சரியா இந்தப் பாதை? இதோ இந்தக் கட்டை உள்ளே செல்லரித்து மெத்தை மாதிரி அமுங்குகிறது, இது சரியா? போன செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டது யார்? முதல் தூண். தூணின் தலையில் ஒரு புறா உட்கார்ந்து அவரையே பார்க்கிறது, இன்னும் இரண்டு தூண், வெள்ளைச் சட்டையிலிருந்து ஒரு கை வெளியே தொங்குகிறது. தொங்குகிற கை அசைந்ததா, சட்டை காற்றில் அசைந்ததா? சவரி, உயிரோடு இருடா. பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, உயிரோடு இரு. கலியம்மா ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்கிறாள், டவுனிலிருந்து வர முக்கால் மணி நேரம். ஆம்பளைகள் எல்லாம் ஏரியில் நூறுநாள் வேலை. இருந்தால் மட்டும் யாரைக் கேட்டிருப்பாள்? யாரையும் கேட்டிருக்க மாட்டாள். டீயைக் கட்டி இவர் கையில் கொடுத்துவிட்டு அவள் சொன்னது, "நல்லவேளை நீங்க இருந்தீங்க மாமா. புயல்லயே போனவரு." அதைச் சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கத் திரும்பிவிட்டாள். அவள் தலைக்கு மேலே சுவரில் இவர் பேருக்குக் கொடுத்த சான்றிதழ், சட்டம் போட்டு. சட்டத்துக்கு வாரம் ஒரு தரம் பூ வைக்கிறாள்.

அந்தப் புயல். நாற்பது வருஷமாகிறது. பகல் மூன்று மணிக்கே இருட்டி, பனைமரம் எல்லாம் விழுந்து எழுந்துகொண்டிருந்தது. சவரி தன் எல்லையில் இருக்க வேண்டிய நேரத்தில் இக்கரைக் கொட்டகையில் வைரக்கண்ணுவோடு உட்கார்ந்து சாராயம் குடித்துக்கொண்டிருந்தான். பாலத்திலிருந்து மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் ஐந்தாவது தூண் ஒரு பக்கமாகக் குந்தியிருக்கிறது, அக்கரையிலிருந்து சாயங்கால வண்டி வர அரை மணி. யாராவது தாண்டிப் போய் நிறுத்த வேண்டும். சவரி விளக்கை எடுத்தான். வைரக்கண்ணு என்ன செய்தார்? நடுக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், கொட்டகையின் நடுக்காலை, இரண்டு கையாலும், கண்ணை மூடிக்கொண்டு. இதுதான் அவர் செய்தது. சவரிதான் தாண்டிப் போய் வண்டியை நிறுத்தினான். மறுநாள் அதிகாரிகள் வந்து கேட்டார்கள். ஆபத்தை நானே பார்த்தேன் என்று சவரி சொன்னால், உன் இடத்தை விட்டு இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்பார்கள், வேலை போய்விடும். அதனால், "வைரக்கண்ணு ஊர்ந்து வந்து சொன்னாருங்கய்யா, நான் விளக்கை மட்டும்தான் ஆட்டினேன்" என்றான். சொல்லிவிட்டு இவரைப் பார்த்தான். இவர் தலையை ஆட்டினார். ஒரே ஓர் ஆட்டு. அந்த ஓர் ஆட்டில் இருநூறு பேரைக் காப்பாற்றிய ஆளாகிவிட்டார், மாலை, பெரிய அதிகாரி கையால் சான்றிதழ். முதல் வருஷம் ஊர்ந்து போனதாகத்தான் சொன்னார். அடுத்த வருஷம் நடந்தார். பிறகு விளக்கை வாயில் கவ்விக்கொண்டு போனார். கேட்கிறவன் கண்ணை விரித்தால் நிறுத்த முடியுமா? ஒரு தீபாவளிக்கு எதிரே கட்டையில் ஒரு நாகம் வந்துவிட்டது, அதுவும் புயலுக்குப் பயந்து அக்கரைக்குப் போகிற நாகம், எனக்கு வழி விட்டுச்சுய்யா என்றார், கேட்டவன் கும்பிட்டான். சவரி பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து டீயை உறிஞ்சிக்கொண்டே, "போன தடவை பாம்பு சின்னதா இருந்துச்சு" என்பான். அவ்வளவுதான் அவன் எடுத்துக்கொண்ட கூலி.

விளக்கை வாயில் கவ்விக்கொண்டு போனதாகச் சொன்னது இப்படித்தான் பலிக்க வேண்டுமா? தாடை விட்டுப்போகிறது. எச்சில் நூலில் இறங்கிப் பையின் மேல் சொட்டுகிறது. பை லேசாகக் கசிகிறதோ, மார்பில் ஒரு பிசுபிசுப்பு, வியர்வையா டீயா? நாக்கை நீட்டிப் பார்த்தால் தெரியும், நாக்கை நீட்டினால் நூல் நழுவும். இனிப்புப் போகிறது, சொட்டுச் சொட்டாக ஆற்றுக்குப் போகிறது, கீழே எறும்புக்குக் கொண்டாட்டம். வேகமாகப் போ. வேகமாகப் போனால் பாலம் ஓடும். தண்ணீர் இல்லாத ஆற்றில் பாலம் எப்படி ஓடும்? மணல் ஓடும், ஆடு ஓடும், பார்க்காதே. வாய்விட்டு ஜெபம் சொன்னால் நன்றாயிருக்கும், சவரி வீட்டில் சொல்வார்கள், அவன் பெண்டாட்டி பிலோமினா செத்தபோது எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். சொன்னார்களாம். வைரக்கண்ணு அதைக் கேட்கவில்லை. அவள் செத்த சேதி காலை எட்டு மணிக்கு வந்தது, பாலத்தில் நடந்தால் கால் மணி, இவர் பஸ் ஏறி டவுனுக்குப் போய் வேறு பஸ் பிடித்து ரோட்டுப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் மண்ணைத் தள்ளி மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டார்கள். எத்தனை தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்பியிருக்கிறாள், முகத்தைப் பார்க்கவில்லை. "புயல்லயே பாலத்துல நடந்தவரு, இன்னிக்கு என்ன பஸ்ஸு?" என்று யாரோ கேட்டான். சவரி அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் பாலத்துல வராதேன்னு சொன்னேன், துக்க வீட்டுக்கு ஆகாது" என்றான். பெண்டாட்டியைப் புதைத்த கையின் மண்ணைக்கூடக் கழுவவில்லை, அந்த நேரத்திலும் இவருக்காக ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தான்.

இரண்டாவது தூண். இங்கே உட்காரலாம். தூணின் தலை அகலம், நாலு பேர் சீட்டாடலாம், முதுகைச் சாய்க்க ஒரு இரும்புக் கட்டை கூட இருக்கிறது. இங்கேயே இருந்துவிட்டால்? எதிரே மூன்றாவது கண்ணில், அடுத்த தூண் வரைக்குமான அந்த இடைவெளியில், நட்டநடுவே பத்தடிக்குக் கட்டையே இல்லை, வெறும் கர்டர் மட்டும்தான், அதில் குதிரை மேல் உட்காருகிற மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டு நகர வேண்டும். யாராலும் முடியாது. முடியவில்லை என்று சொன்னால் ஏன் என்று யாரும் கேட்கப் போவதில்லை. வயசாகிவிட்டது, மூச்சு வாங்கியது, இரண்டாவது தூண் வரைக்கும் போனார் பாவம் என்பார்கள். அப்புறம் மேற்கொண்டு ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்று சொல்லக் கூடாது, ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தது, இவர்தான் இப்போது பார்த்தார். சவரி போய்விட்டால் தெரிந்தவன் ஒருத்தனும் இருக்க மாட்டான். சான்றிதழ் சுவரில் நிற்கும், பாம்பு இஷ்டத்துக்கு வளரலாம், பக்கத்து பெஞ்சில் யாரும் டீயை உறிஞ்ச மாட்டார்கள். நினைத்ததும் அது நிம்மதி மாதிரி இருந்தது, நிம்மதிதான். சீ. துப்ப வேண்டும்போல் இருந்தது, வாயில் டீ. கண்ணை மூடினார், மூடினாலும் அந்த நினைப்பு அதே இடத்தில் சப்பணம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சரி, உட்காரு. அவன் போய்விட்டான் என்றே வைத்துக்கொள். செவ்வாய்க்கிழமை வருகிறது. கலியம்மா டீ கொடுக்கிறாள், புயல்லயே போனவரு என்கிறாள், எதிரே பாலம் வெறிச்சென்று கிடக்கிறது. அவ்வளவு பேரும் பார்க்கிற அந்தப் புயல்காரன் யார்? அவனை இவருக்குத் தெரியாது. நடுக்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கின ஒருத்தன் இருந்தானே, நிஜமான வைரக்கண்ணு, அவன் சவரியின் தலைக்குள் மட்டும்தான் இத்தனை வருஷமும் குடியிருந்தான். அந்தத் தலை மணலில் மோதினால் அவனும் செத்தான். யாரும் அழாமல், யாருக்கும் தெரியாமல்.

எப்போது கர்டரில் ஏறினார் என்று தெரியவில்லை. வேட்டி தொடை வரை சுருண்டு, ஆணித்தலை ஆணித்தலையாகத் தொடையில் சூடு வைத்தது, நல்லது, எரியட்டும், எரிகிற வரைக்கும் பயம் வேறு எங்கேயும் போய் உட்கார முடியாது. ஒரு ஆணி, கையை ஊன்று, இடுப்பைத் தூக்கு, வை. இன்னொரு ஆணி. கால் இரண்டும் ஆகாயத்தில் ஆடுகின்றன, செருப்பு ஒன்று கழன்று போயிற்று, விழுந்த சத்தம் கேட்கவே இல்லை, ரொம்ப நேரம் கழித்து ஆடு ஒரு தரம் கத்திற்று. சிரிப்பு வந்தது. சிரித்தால் நூல். சிரிக்காதே. ஆணி. எதிரே சட்டையின் கை தெரிகிறது, விரல் தெரிகிறது, நகம் நீலமாக இருக்கிறது, வெயிலில் அப்படித் தெரிகிறதா, நிஜமாகவே நீலமா? ஆணி. சவரி, போன தடவை பாம்பு சின்னதாக இருந்ததுடா, சின்னதுகூட இல்லை, பாம்பே இல்லை. ஆணி. கை ஒரு கட்டையைத் தொட்டது. அந்தக் கட்டையை வைரக்கண்ணு கட்டிப் பிடித்துக்கொண்டார், அதன் மேல் மார்பைப் போட்டு, மிச்சக் கட்டைகளிலும் ஊர்ந்து, மேடையில் தலையை நுழைத்து, வெள்ளைச் சட்டையின் காலரை எட்டிப் பிடித்து உள்பக்கமாக இழுத்தார். உடம்பு கனமாகச் சொதசொதவென்று வந்தது. சட்டை முழுக்கச் சில்லென்ற வேர்வை. பல் கிட்டித்திருந்தது. பையின் மூலையைக் கடித்துக் கிழித்து, உதட்டை விரலால் இழுத்துக் கன்னத்துக்குள் ஒரு சொட்டு விட்டார், அவசரப்பட்டால் புரை ஏறிச் சாவான், ஒரு சொட்டு, நிறுத்து, இன்னொரு சொட்டு. பையில் பாதிதான் மிச்சம். அடியில் கரையாத சீனி இருந்தது, அதை விரலால் வழித்து ஈறில் தேய்த்தார், இந்தா, இந்தா, முழுங்குடா, ஸ்டெல்லா பார்க்கவில்லை, முழுங்கு. தொண்டை ஒரு தரம் மேலே ஏறி இறங்கிற்று. இன்னொரு தரம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சவரியின் கண் திறந்தது, எங்கேயோ பார்த்தது, இவரைப் பார்த்தது, பாலத்தைப் பார்த்தது, வந்த வழியைப் பார்த்தது, திரும்பவும் இவரைப் பார்த்தது. "யாரு..." என்றான் குழறலாக. "நான்தாண்டா." "நீ எப்படிறா..." மேற்கொண்டு பேச அவனுக்கு நாக்கு வரவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. "பேசாத. குடி" என்றார் வைரக்கண்ணு, அவருக்கும் வந்தது.

கரையில் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, நீலச் சட்டைக்காரர் ஒருவர், கலியம்மா, ஏரி வேலையிலிருந்து மண்சட்டியும் கையுமாகப் பத்துப் பதினைந்து பேர். யாரும் பாலத்தில் கால் வைக்கவில்லை, ஏதோ திருவிழாத் தேர் வருவதைப் பார்க்கிற மாதிரி நிற்கிறார்கள். "பெரியவரே, முழிச்சுட்டாரா?" என்று நீலச் சட்டை கத்தினார். "முழிச்சுட்டான்! ஆனா நிக்க முடியல! டீ தீந்துபோச்சு! மறுபடியும் இறங்கிரும், சீக்கிரம் வாங்க!" "பாலம் ரொம்ப மோசமா இருக்கே! நீங்க பழகின ஆளாமே, மெதுவாக் கூட்டிட்டு வந்துருங்க!" கலியம்மாவின் குரல் கணீரென்று கேட்டது, "அவருக்கென்ன சார், கண்ணைக் கட்டி விட்டாலும் வந்துருவாரு. புயல்லயே போனவரு!" மடியில் சவரியின் தலை மறுபடி கனக்க ஆரம்பித்திருந்தது. வைரக்கண்ணு திரும்பிப் பார்த்தார், வந்த வழியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை, பார்த்ததும் மேடை லேசாக மேற்கே நகரத் தொடங்கிற்று. இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் தொண்டை கிழியக் கத்தினார். "கலியம்மா! நான் புயல்ல போகலம்மா! போனது சவரி! நான் ஒரு நாளும் இந்தப் பாலத்தத் தாண்டினதே இல்ல! எனக்குப் பயம்! பாலம்னா பயம்! இன்னிக்குத்தான் வந்தேன், திரும்பி வர என்னால முடியாது! யாராச்சும் வாங்கய்யா!" கரையில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள். ஒருத்தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா ஆரம்பிச்சுட்டாருய்யா!" "பாம்பு வந்துச்சா பெருசு?" "சரி சரி, கதையெல்லாம் கடைக்கு வந்து சொல்லுங்க, வெயில் ஏறுதுல்ல!"

சவரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நிஜந்தான்யா என்று சொல்ல வந்தானோ என்னவோ, காற்றுதான் வந்தது, இமை சரிந்தது. வைரக்கண்ணு அவன் கன்னத்தில் தட்டினார், தூங்காதே, தூங்காதே, நீலச் சட்டையின் பையில் குளுக்கோஸ் இருக்கிறது, நூற்றெண்பது அடியில் இருக்கிறது, கொண்டுவர ஆள் வேண்டும், ஆளை வர வைக்க ஒரு வார்த்தை வேண்டும். எது வார்த்தை? நாற்பது வருஷமாக இவர் சொன்ன எதை இவர்கள் நம்பாமல் இருந்தார்கள்? இதை ஒன்றைத் தவிர. அவருக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே வாயைத் திறந்தார், வார்த்தை பழகின மாடு மாதிரி தானாக வந்தது. "ஐயோ! கால் போச்சு! கட்டை ஒடிஞ்சு கால் உள்ள போயிருச்சு! எலும்பு முறிஞ்சு வெளிய நிக்குதுய்யா! இடது கால்! ரத்தம் ஊத்துது!" சிரிப்பு அறுந்து விழுந்தது. கலியம்மா தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். யாரோ கயிறு கொண்டுவா என்றான், யாரோ ஓடினான். நீலச் சட்டை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் கட்டையில் கை வைத்தார், அவருக்குப் பின்னால் ஏரி வேலைக்காரன் ஒருத்தன், இடுப்பில் கயிறு. ஊர்ந்து வருகிறார்கள். செல்லரித்த அந்தக் கட்டை அந்தப் பக்கம்தான் இருக்கிறது, "வலது பக்கமா வாங்க! நடுவுல மிதிக்காதீங்க!" என்று கத்தினார், பெண்டாட்டி பிள்ளை உள்ள ஆட்கள், பொய்யைச் சொல்லிப் பாலத்தில் ஏற்றியாயிற்று, விழுந்தால்? ஒரு கட்டை படீரென்று வாய் விட்டது. நின்றார்கள். மறுபடி நகர்ந்தார்கள். முதல் தூண். புறா பறந்தது. வாங்கய்யா, வாங்க சாமி, கீழே பார்க்காதீங்க. வைரக்கண்ணு வேட்டியைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே சுற்றி, கர்டரில் தேய்ந்து வழிந்த தொடை ரத்தத்தைத் தொட்டு அதில் அப்பி, காலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு முனக ஆரம்பித்தார். இரண்டாவது தூணில் நீலச் சட்டையின் தலை தெரிந்தது. மடியிலிருந்த சவரியின் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தார்.

"இடது கால்னு சொன்னே" என்றான் சவரி, அரைக்கண்ணைத் திறந்து. "வலதைப் பிடிச்சிட்டிருக்கே."